முட்டளவுத் தண்ணீர்

ஜெபகுமாரி அம்மியில் மிளகு அரைத்துவிட்டு எழுந்தபோது அவள் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தரை காய்ந்து கிடந்தது. சித்திரை மாதம். குழித்துறை ஆறே மணலுக்குள் போய் ஒளிந்துகொண்டு, குளிக்கப் போகிறவர்கள் குழி தோண்டித் தண்ணீர் தேடிக்கொண்டிருந்த கோடை.

"கொடத்தத் தட்டிவிட்டியா பிள்ளே?" என்றாள் மாமியார் நேசம்மாள்.

"இல்ல மாமி. கொடம் அடுக்களையில அப்பிடியே இருக்கு."

ஜெபகுமாரி சேலையைப் பிழிந்தாள். கலங்கிய செம்மண் தண்ணீர் சொட்டியது. நேசம்மாள் அதைப் பார்த்தாள். மேற்குச் சுவரை மட்டும் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவள் பட்ட பாட்டை அடுத்த வீட்டு வேலி இடுக்கிலிருந்தே பார்க்க முடிந்தது.

அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு செங்காவிக் கோடு இருந்தது. மலையாள வருஷம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் வந்த பெருவெள்ளம் தெருவைத் துடைத்துப் போட்ட பிறகு, சபை உபதேசியார் ஜெபசீலன் ஒரு புத்தகம் எழுதி அச்சுப்போட்டார். சேறு விழுந்த கிணற்றை இறைப்பது எப்படி, நனைந்த விதைநெல்லில் முளைப்பதைப் பிரித்தெடுப்பது எப்படி, இடிந்த ஊரை மறுபடி ஊராக்குவது எப்படி என்றெல்லாம் அதில் இருந்தது. வெள்ளம் வந்த அன்று உபதேசியார் நாகர்கோவிலில் மைத்துனர் வீட்டில் காய்ந்த பாயில் படுத்திருந்தார் என்பது மட்டும் அதில் இல்லை. அதைத் தெரு பார்த்துக்கொண்டது.

பிழைத்தவர்களின் சாட்சியும் புத்தகத்தில் உண்டு. சொல்லச் சொல்லத் தண்ணீர் ஏறியது. அடுத்த வீட்டு செல்லத்தாய் தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய ஜெபித்ததாகச் சொன்னாள். அவள் உடம்புக்கு அந்தத் தென்னை இன்னும் நிமிர்ந்து நிற்பதே பெரிய அற்புதம்.

புத்தகத்தின் முக்கியமான கட்டளை கோடுதான். திரும்பக் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும், வெள்ளம் நின்ற மட்டத்தில் செங்காவியால் கோடு போட வேண்டும். அதற்குக் கீழே யாரும் படுக்கக் கூடாது. மேலே மச்சு கட்டிப் படுக்க வேண்டும். உபதேசியார் சிரட்டையில் காவியைக் கரைத்துக்கொண்டு வீடுவீடாக வந்து, ஜெபம் பண்ணி, காட்டிய இடத்தில் கோடு இழுத்தார். எல்லோரும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்கள். நேசம்மாள் ஒருத்திதான் இறக்கிக் காட்டினாள்.

அவள் வீட்டில் தண்ணீர் வாசல் நிலையின் மேற்கட்டைவரை ஏறியது. அவளும் மகன் செல்வதாசும் உத்திரத்தைக் கட்டிப்பிடித்துப் பிழைத்தார்கள். ஆனால் அப்போது வில்லுக்குறியில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தாள். முங்குகிற வீட்டுக்குப் பெண் தரமாட்டேன் என்று பெண்ணின் தகப்பன் ஒரே பிடியாக நின்றார். அதனால் மிஞ்சியிருந்த மேற்குச் சுவரைச் சாம்பலும் தேங்காய்ச் சகிரியும் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு பூசி, "எங்களுக்கு முட்டளவுதான் உபதேசியாரே" என்றாள். தெருவுக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவரவர் கோடும் இறங்க வேண்டியிருக்கும். முட்டளவுக்கு மச்சு எதற்கு? கட்டவில்லை. கல்யாணம் நடந்தது.

இப்போது ஜெபகுமாரிக்கு நிறைமாதம் நெருங்குகிறது. செல்வதாஸ் களியக்காவிளையில் கடைவேலை. வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறவன். பேறுகாலத்துக்கு அழைத்துப்போக அவள் தகப்பன் திங்கட்கிழமை வருவதாக ஆளிடம் சொல்லிவிட்டிருந்தார். அதற்குள் இந்தச் சேலை நனைவது அவர் காதுக்குப் போனால் மகளை அழைத்துப் போவார், திருப்பி அனுப்பமாட்டார். பேரப்பிள்ளையின் முகத்தை நேசம்மாள் சாகும்வரை பார்க்க முடியாது.

ஆகவே அவள் சேலைகளை உலர்த்தினாள். வேறென்ன செய்வாள்?

ஆனால் சேலையோடு நிற்கவில்லை. பூனை தரையில் இறங்காமல் நெல்குதிர் மேலேயே கிடந்து அழுதது. ஜெபகுமாரியின் உள்ளங்கால்கள் நாள் முழுக்க நாற்று நட்டவளின் கால்போல வெளுத்துச் சுருங்கின. விளக்கு வைக்கிற நேரமானால் சுவரடியில் தண்ணீர் மெல்ல மெல்ல மோதித் திரும்பும் சத்தம் கேட்டது, படித்துறையில் சிற்றலை நக்குவதுபோல. அதோடு அழுகிய வைக்கோலும் செத்த ஆடும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தப் பழைய வாடை வாசல் வழியாக அல்லாமல் தரையிலிருந்தே எழும்பி வந்தது. கீழே விழுந்த பாக்கை எடுக்க நேசம்மாள் குனிந்தாள். கோட்டுக்குக் கீழே போனதும் கை சில்லிட்டது. எடுத்த பாக்கு ஊறிப்போயிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெபகுமாரி பாயை விரித்துத் தரையில் கண்ணயர்ந்தாள். நேசம்மாள் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், உள்ளே யாரோ கொப்பளிக்கிற சத்தம் கேட்டு ஓடினாள். மருமகள் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்ததும் வாயாலும் மூக்காலும் கலங்கல் தண்ணீர் கொட்டியது. மணல் கொட்டியது. அதில் ஓர் அயிரைக் குஞ்சு துடித்தது.

"மாமி, எனக்க மேல ஆறு கெடந்துது" என்றாள், பேச்சு வந்ததும்.

நேசம்மாள் அவளைக் கட்டிலில் ஏற்றினாள். கட்டில் காலுக்கு அடியில் கல் வைத்து இன்னும் உயர்த்தினாள். அயிரையைச் சாம்பலில் புதைத்தாள்.

கொப்பளிப்புச் சத்தம் வேலிக்கு அப்பால் போகாமல் இருக்குமா? செல்லத்தாய் வந்துவிட்டாள்.

"என்னட்டீ நேசம்மா, மருமவள கல்லு வச்சு ஏத்தி வச்சிருக்க? முட்டளவுக்கே இந்தப் பயமா?"

"போட்டீ சவமே. பிள்ளைக்குச் சீணம்."

செல்லத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "நான் யாருக்கிட்டயும் சொல்லல்ல. ஆனா கள்ளக் கோடு போட்ட வீடு உருப்படாது, கேட்டியா? மெய்யான கோடு வீட்டக் காக்கும்னு உபதேசியாரு புஸ்தகத்துல எழுதியிருக்காருல்லா? சரியான எடத்துல இழுத்து விடு. எல்லாம் அடங்கும்."

"அப்போ உனக்க கோட்ட நீ எறக்குவியா?"

செல்லத்தாய்க்குத் திடீரென்று அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தப் பேச்சு நேசம்மாளின் மனதில் தங்கிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் தெரு முழுவதும் சபைக் கோயிலுக்குப் போனது. அன்று உபதேசியார் புத்தகத்திலிருந்து வாசிக்கிற நாள். நேசம்மாள் போகவில்லை. விளக்கைக் கொளுத்திக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். காவியைக் கரைத்தாள். பழைய கோட்டைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தாள். முக்காலியை இழுத்துச் சுவரோடு போட்டாள்.

"என்ன மாமி செய்யுதீங்க?"

"ஒண்ணுமில்ல மக்களே. நீ படு. விடிஞ்சா அப்பா வருவாரு. அதுக்கு முன்ன எல்லாத்தையும் சரியாக்கிருவேன்."

கோயிலில் பாட்டுத் தொடங்கியது. நேசம்மாள் முக்காலியில் ஏறினாள். வாசல் நிலையின் மேற்கட்டை இப்போது அவள் கழுத்தளவில் இருந்தது. அதே மட்டம். அவள் மறந்திருப்பாளா? ஆண்டவரே, பொய் சொன்னேன், இதுதான் மெய் என்று முணுமுணுத்தபடி ஓலைத்தண்டால் இழுத்தாள். மூலையிலிருந்து மூலைவரை. கோடு நேராக வந்தது.

சுவரடியில் மோதிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அடங்கிவிட்டது. அவள் மூச்சு விட்டாள்.

பூனை கத்தியது. ஒரே ஒரு முறை. பாதியில் அறுந்தது.

முழங்காலில் குளிர். இடுப்பில் குளிர். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விளக்கு அசையாமல் எரிந்தது. நெஞ்சில் குளிர். கழுத்துவரை வந்தது. கோட்டில் நின்றது.

"மாமி" என்று கீழே ஒரு குரல் தொடங்கியது. முடியவில்லை.

நேசம்மாள் திரும்பினாள்.

ஜெபகுமாரியின் பின்னல் தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது. முந்தானை விரிந்து மேலே எழுந்தது. கைகள் எழுந்தன. பிறகு அவளே எழுந்தாள், கட்டிலை விட்டு, மெதுவாக, வயிறு முன்னால் வர. பிடிக்க ஒரு மச்சுப் பலகை இல்லை. நேசம்மாள் எட்டிப் பிடித்தாள். விரல்களில் சேலை வழுக்கியது. மறுபடி எட்டினாள். வழுக்கியது. கோயிலில் எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில், காய்ந்த அறையின் நடுவே, ஜெபகுமாரி கண் திறந்தபடி தொங்கினாள். அவள் கூந்தல் மட்டும் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஏறி, ஈரம் காயாத செங்கோட்டின் மட்டத்துக்கு வந்து, அதற்குமேல் ஓர் இழைகூடப் போகாமல், அறை முழுவதும் படர்ந்து, நேசம்மாளின் கழுத்தைச் சுற்றி மிதந்தது.