மூன்றாவது பக்கிள்

திண்டிவனத்து பாராகிளைடிங் கிளப்பின் வேன், செஞ்சியைத் தாண்டி அந்த மொட்டைப் பாறை மலையின் அடிவாரத்துக்கு வந்து நின்றபோது மணி மூன்று. வருடத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் பறப்பார்கள். பாட்டும் கேலியும் பிரியாணிப் பொட்டலமும் வழக்கம்போல இருந்தன. பிரபாவதி மட்டும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் இதே மலையில்தான் அவள் தம்பி கோபி விழுந்து செத்தான்.

செத்தவன் தலையிலேயே பழியையும் கட்டிவிட்டார்கள். பறப்பவரைக் குடையோடு பிணைக்கும் வார்களுக்குத் தொடைகளில் இரண்டு பக்கிள், மார்பில் ஒன்று. ஜோடியாக நிற்பவர் மூன்றையும் இழுத்துப் பார்த்து "மூணு" என்று கத்த வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் ஓட வேண்டும். கிளப்பின் சட்டம் இது. கோபி அதற்குக்கூட நிற்காமல், ஒரு பக்கிள் திறந்திருக்க ஓடிவிட்டான் என்று அன்றைக்கு ஜோடியாக நின்ற அன்புச்செல்வன் சொன்னான். பிரபாவதிக்கு நிச்சயமான மாப்பிள்ளையும் அவன்தான். அவன் பேச்சை அவள் எப்படிச் சந்தேகப்படுவாள்? தம்பியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே, "திமிரு புடிச்ச கழுத" என்று திட்டி அழுதாள்.

ஆறு மாதம் பறக்கப் பழகிவிட்டு இப்போது வந்திருந்தாள். அவன் விழுந்த இடத்திலிருந்து சட்டப்படி பறந்து இறங்கிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தாள்.

உச்சியில் காற்று நின்று நின்று வீசியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பறந்து இறங்கிவிட்டார்கள். மிச்சம் பிரபாவதியும் அன்புச்செல்வனும்தான். ஒரு மாதமாக மழை இல்லை, பாறை சுட்டது. ஆனாலும் எங்கிருந்தோ நனைந்த துணியின் வாடை வந்தது.

"மூணு! ஓடு பிரபா, காத்து நல்லாக்கீது!" என்றான் அன்புச்செல்வன் பின்னாலிருந்து.

அவள் காலை எடுத்து வைத்தாள்.

யாரோ வாரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

வலது தொடையில் ஐந்து விரல்கள் ஊர்ந்தன. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தன.

டக்.

திறந்திருந்த பக்கிள் பூட்டிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை. பத்தடி தள்ளி நின்று அன்புச்செல்வன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கிட்டயே வரலியே."

"பாத்தேனே. இங்கேர்ந்தே தெரியுது."

"அன்னிக்கும் அங்கேர்ந்துதான் பாத்தீங்களா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. தரையைப் பார்த்துச் சொன்னான்: "போன்ல பேசிக்கினு இருந்தேன். மூணான்னு கேட்டான். மூணு, போடான்னுட்டேன்."

யாரிடம் பேசினான் என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சாயங்காலம் அவன் பேச்சுக்கு நடுவே திடீரென்று "மூணு" என்றதும், "இன்னா மூணு?" என்று இவள் சிரித்ததும் நேற்று நடந்ததுபோல் ஞாபகத்துக்கு வந்தன. 

"ஒரு வருஷமா என் தம்பிய நான் திட்டிக்கினு இருந்தேன். பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தியேடா பாவி!"

எல்லாவற்றையும் கழற்றிப் பையில் திணித்து முதுகில் போட்டுக்கொண்டு, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறைப் படிகளில் இறங்கினாள்.

பத்தாவது படியில் பை கனத்தது.

இருபதாவது படியில் ஓர் ஆள் கனம் ஆனது.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

பயந்து படியிலேயே நின்றாள். ஆனால் அந்தக் கனம் அவளுக்குப் பழக்கமானதுதான். சின்ன வயதில் உப்பு மூட்டை தூக்கு என்று முதுகில் ஏறி அடம் பிடிப்பானே, அதே கனம்.

"கோபி," என்று கிசுகிசுத்தாள். "ஊட்டுக்குப் போலாம்டா."

மூச்சு சீரானது. இரண்டு குளிர்ந்த கைகள் அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டன. ஒரு வருடத்து அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இவனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"என்ன மன்னிச்சுர்றா. அன்னிக்கு போன்ல பேசினது நான்தான்."

மூச்சு நின்றது.

கைகள் மட்டும் மெல்ல மெல்ல இறுகின.