முப்பத்தோராவது நகர்த்தல்

மத்தியானம் மூன்று மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு லென்ஸ்காரர் செஸ் கிளப்புக்குப் போனார். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அவர் தொழில். கால் பவர் வித்தியாசத்தைக்கூட வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குப் பலகையில் குதிரை மட்டும் தெரியாது என்று கிளப்பில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். கிண்டலை ஆரம்பித்து வைத்ததே அவருடைய மச்சினன்தான், அதாவது மனைவியின் தம்பி.

மச்சினன் செத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூடிக்கிடந்த ஒரு காகிதக் கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒரே ஒரு அறை. எட்டு மேஜை, பதினாறு நாற்காலி, மூலையில் ஒரு தண்ணீர்க் குழாய். ஜன்னல் கண்ணாடிகளுக்கு யாரோ எப்போதோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே சாயங்காலம்தான். சனி, ஞாயிறு தவிர மற்ற நாளில் ஈ காக்கை வராது. அதனால்தான் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து அவர் வந்தார்.

சாவியைக் கொடுக்கும்போது கிளப் செயலாளர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அஞ்சாம் மேஜையை யாரும் தொடலை சார். எப்படி இருந்துச்சோ அப்படியே கெடக்கு."

அந்த மேஜையில்தான் அன்றைக்கு இருவரும் ஆடினார்கள். லென்ஸ்காரர் வெள்ளை, மச்சினன் கறுப்பு. லென்ஸ்காரர் தோற்றார். தோற்றதும் கைகூடக் கொடுக்காமல் விருட்டென்று எழுந்து போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து மச்சினன் அதே நாற்காலியில் மார்படைத்துச் செத்துப்போனான்.

கதவைத் திறந்ததும் மூடிய அறையின் புழுக்க வாடை முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. கிரீஸ். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அவன் கையை விட்டுப் போகாத வாடை அது. மூன்று வாரமாகியும் போகவில்லையா என்று நினைத்துக்கொண்டே அவர் ஐந்தாம் மேஜைக்குப் போனார்.

ஆட்டம் முடிந்த நிலையில் காய்கள் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படி இல்லை. எல்லாக் காய்களும் திரும்ப அடுக்கப்பட்டு, ஆட்டத்தின் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் நின்றன. சட்டைப்பையிலிருந்து தன் ஆட்டக் குறிப்புத் தாளை எடுத்து, ஒவ்வொரு நகர்த்தலாக விரல் வைத்துப் பார்த்தார்.

முப்பத்தோராவது நகர்த்தல்.

எந்த இடத்தைத் தேடி வந்தாரோ அதே இடம்.

ஏனென்றால் அந்த நகர்த்தலைப் போட்டுவிட்டுத்தான் மச்சினன் மெதுவாகக் கேட்டான்: "டிரா போட்டுக்கலாமா அத்தான்? போதும்."

"ஆடு," என்று மட்டும் சொன்னார் இவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படித்தான் மூன்று வாரமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் இரண்டு மணி நேரம் ஆட்டம் இழுத்தது.

மனைவியிடம் இதை அவர் சொல்லவில்லை. அவளும் தினம் தினம் கேட்டாள், காலையில் ஒரு தரம், படுக்கும்போது ஒரு தரம். "ஏதாவது சொன்னானாங்க? முகம் எப்படி இருந்துச்சு?" ஒன்றும் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தான் என்றே தினமும் பதில் சொன்னார். தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

மச்சினனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜெயிக்கிற ஆட்டத்தில் டிரா கேட்கிறவன் மடையன் என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறவன் அவன். தோற்கிற மாதிரி இருந்தால் மட்டும் வெட்கமில்லாமல் கேட்பான். ஆகவே கணக்கு எளிது. அந்த இடத்தில் கறுப்பு தோற்றுக்கொண்டிருந்தால், அவன் ஆட்டக்காரனாகக் கேட்டான். அதை மறுத்ததில் தப்பில்லை. கறுப்பு ஜெயித்துக்கொண்டிருந்தால், அவன் நெஞ்சுவலிக்காகக் கேட்டான். செல்போனில் போட்டால் ஒரே நிமிடத்தில் பதில் வந்துவிடும். அதனாலேயே அவர் போடவில்லை. தானே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் தான் நினைத்தபடியே கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தார். அன்றைக்கு இந்த இடத்தில் பயந்துபோய் ராஜாவை நகர்த்தியிருந்தார். அதற்குப் பதிலாக ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருந்தால்? தள்ளினார். கறுப்புக்கு என்ன பதில் என்று யோசித்தபடி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டினார்.

கறுப்பு யானை பின்னால் நகர்ந்திருந்தது.

நாம்தான் நகர்த்தியிருப்போம், மறதி, என்று நினைத்தார். வயசு ஐம்பத்தாறு ஆகிறதே. சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளினார். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

எதிர் நாற்காலி லேசாக முனகியது.

கிரீஸ் வாடை கூடியது.

யானை தானாக நகர்ந்தது. வெடுக்கென்று இல்லை. யோசித்து, பிறகு முடிவு செய்து, இரண்டு விரலால் பிடித்து இழுப்பது எப்படியோ அப்படி. மச்சினன் காயைத் தூக்கமாட்டான், இழுத்துக்கொண்டுதான் போவான். அந்த உரசல் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. உண்மையைச் சொன்னால், பயத்துக்கும் மேலே அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சிப்பாயை மறுபடியும் தள்ளினார். யானை தடுத்தது. இவர் மந்திரியால் அதை விரட்டினார். ஐந்தே நகர்த்தலில் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகிவிட்டது. வெள்ளை ஜெயித்தது.

"அப்போ நீ தோத்துக்கிட்டுதான் இருந்தே," என்றார் காலி நாற்காலியைப் பார்த்து. "அதனாலதான் கேட்டே. வேற ஒண்ணுமில்லையே?"

கறுப்பு ராஜா மெல்லச் சாய்ந்து பலகையில் படுத்தது.

அவர் மேஜையில் தலை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அன்றைக்கு ராத்திரி இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனைவி பரிமாறிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் செயலாளர் தன் புதுக் கண்ணாடியை வாங்கக் கடைக்கு வந்தார். லென்ஸ்காரருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து சின்னப் பலகையை எடுத்து, காய்களை அடுக்கி, தான் கண்டுபிடித்த ஜெயிப்பைப் போட்டுக் காட்டினார்.

செயலாளர் புதுக் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஏன் சார், யானையை எதுக்குப் பின்னாடி இழுக்கணும்? குதிரை இங்க வந்தா ராஜாவுக்கு செக். அப்புறம் மூணே நகர்த்தல். முடிஞ்சுது."

லென்ஸ்காரர் குதிரையை அந்தக் கட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்த எடத்துல வெள்ளைக்கு எதுவுமே இல்ல சார். எதைப் போட்டாலும் கொஞ்ச நேரத்துல குதிரை வந்துடும். நீங்க ராஜாவை ஓட்டி ஓட்டி ரெண்டு மணி நேரம் தாக்குப்பிடிச்சதே பெரிசு. உங்க மச்சான்தான் எனக்கு இதைக் காட்டினார்."

"எப்போ?"

"அன்னிக்குத்தான். நீங்க கெளம்பிப் போனப்புறம், காயெல்லாம் திரும்ப அடுக்கி வெச்சு உக்காந்திருந்தார். மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். அத்தான் கோவமா போயிருக்காரு, கீழ ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பி வருவாரு, எப்பவும் வருவாரு, ரெண்டு பேரும் ஆட்டத்தை அலசிட்டுச் சேர்ந்து போறோம்னார். தண்ணி கேட்டார். கொழாய்ல தண்ணி வரலை. கீழ போய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள..." செயலாளர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "நல்லா தெரியுது சார். நான் வர்றேன்."

எப்பவும் வருவாரு. அது நிஜம்தான். தோற்றால் கோபித்துக்கொண்டு போவதும், பத்து நிமிடத்தில் அசடு வழியத் திரும்பி வந்து, எங்கே தப்பு என்று மச்சினனோடு தலைமுட்டி உட்கார்வதும் பதினெட்டு வருஷப் பழக்கம், மனைவிக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு மட்டும் கீழே டீ குடித்துவிட்டு, மாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டார். திமிர். வேறென்ன சொல்ல.

செவ்வாய்க்கிழமை நடந்ததும் இப்போது விளங்கிற்று. குதிரை இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே யானையை இழுத்திருக்கிறான். அத்தான் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று, செத்த பிறகும் தோற்றுக் கொடுத்திருக்கிறான்.

கடையைச் சாத்தினாரா, பூட்டினாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. கிளப் சாவி இன்னும் அவர் பையிலேயே இருந்தது. மாடிப்படி ஏறும்போதே வாடை வந்துவிட்டது. ஐந்தாம் மேஜையில் காய்கள் மறுபடியும் முப்பத்தோராவது நகர்த்தலில் நின்றன. செவ்வாய்க்கிழமை போகும்போது அவர் அடுக்கிவிட்டுப் போகவில்லை.

உட்கார்ந்து சிப்பாயைத் தள்ளினார்.

யானை பின்னால் இழுபட்டது.

"அது இல்ல," என்றார். யானையைப் பழைய இடத்தில் வைத்தார். "குதிரையைப் போடு."

யானை மறுபடியும் நகர்ந்தது.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு மச்சான். குதிரையைப் போடு."

மூன்றாம் தரமும் யானைதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மூச்சு கேட்டது. அடைத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு.

அவர் மேஜைக்குக் குறுக்கே கை நீட்டித் தானே கறுப்புக் குதிரையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. பலகையில் அறைந்து வைத்தது போல் நின்றது. அதன் தலையைப் பிடித்திருந்த அவர் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து மூடின. சில்லென்று இருந்தன. பிசுபிசுத்தன. அழுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்வதுபோல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தன.

அந்த நயம்தான் அவரை உடைத்தது.

"நான் நிமிர்ந்து பாத்தேன்டா," என்றார். "நீ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுதான் கேட்டே. ஒதடு வெளுத்துக் கெடந்துச்சு. எல்லாம் பாத்துட்டுதான் ஆடுன்னு சொன்னேன். உன் கவனம் செதறும், ஜெயிச்சுடலாம்னு நெனச்சேன். ஒரே ஒரு ஆட்டம் உன்னை ஜெயிக்கணும்னு இருந்துச்சு எனக்கு."

விரல்கள் போகவில்லை. மூச்சு மட்டும் சற்று நின்று, மறுபடி இழுத்தது.

கதவருகே அசைவு தெரிந்தது. திரும்பினார்.

மனைவி நின்றிருந்தாள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள், திறந்து போட்டபடி கிடந்த கடையையும் மேஜைமேல் இருந்த செஸ் பலகையையும் பார்த்து, கடையைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்திருந்தாள். தம்பி செத்த இடம் என்று இதுவரை இந்தப் படி ஏறாதவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "நானே சொல்லலாம்னுதான்..."

அவள் அவரைப் பார்க்கவில்லை. கடைச் சாவியை ஐந்தாம் மேஜையின் ஓரத்தில் வைத்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், கறுப்புப் பக்கத்து நாற்காலிக்கு அருகில் நின்றாள். கொஞ்சம் குனிந்து, அங்கே ஒரு முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை. வெறும் வேதனைதான் இருந்தது.

"எவ்வளவு நேரம்டா இங்கயே உக்காந்திருப்பே?" என்று கேட்டாள். "இவரு வர மாட்டாரு. எந்திரிப்பா. வீட்டுக்குப் போலாம்."

அவர் கையை மூடியிருந்த விரல்கள் விலகின.

நாற்காலி தரையில் உரசிக்கொண்டு பின்னால் போனது.

அவள் ஒரு கையை நீட்டி, மடக்கி, எதையோ தாங்கிக்கொண்டாள். வந்த வழியே மெல்ல நடந்தாள். கதவைத் தாண்டும்போது ஒருக்களித்து இடம் விட்டாள். கணவனைக் கூப்பிடவில்லை. படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. அதோடு கூடவே, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, கனமான பூட்ஸ் சத்தமும் இறங்கியது.

அவர் எப்படியோ எழுந்து ஜன்னலுக்குப் போனார். பச்சைப் பெயின்ட் உரிந்திருந்த ஓரிடத்தில் கண்ணை வைத்தார். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த தெருவில் ஜனங்கள் அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் நடைபாதையில், சுவர்ப்பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நடந்தாள். நாலடி நடந்ததும் நின்றாள். மூச்சு வாங்கி முடியட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு இன்னும் நாலடி நடந்தாள்.

எதிரே வந்த ஒரு பெண்மணி, அவளுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காலி இடத்துக்கு வழிவிட்டு, நடைபாதையிலிருந்து இறங்கிப் போனாள்.