இரண்டு விரல் மிசின்

"முதலாளி, எங்கட சின்னம்மாவுக்கு நாற்று நடுற வேலை குடுங்கோ."

ஒருபோதும் கேட்கக்கூடாது என்று சின்னம்மா சொல்லிவைத்திருந்ததைத்தான் ஜெயரூபினி கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு நேரே பரந்தன் நாற்றுப் பண்ணைக்கு வந்திருந்தாள்.

சின்னம்மா புனிதம் வாளியோடு அப்படியே நின்றாள். சண்டையில் ஷெல் குண்டு பட்டபின் அவளுடைய வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். மற்றப் பெண்கள் கொட்டிலுக்குள் இருந்து மிளகாய் நாற்றைப் பைகளில் நட்டார்கள். அவள் மட்டும் வெயிலில் தண்ணீர் சுமந்தாள். இடுப்பு நோவில் இப்போது நிமிரவே முடிவதில்லை.

வீரபாகு முதலாளி சிரித்தார். "ரெண்டு விரலால நட ஏலுமே, பிள்ளை?"

ஜெயரூபினி சுவரைக் காட்டினாள். வெளிநாட்டில் இருக்கும் முதலாளியின் மகன் அனுப்பிய படம் அங்கே ஒட்டியிருந்தது. நாற்று நடும் றோபோ. "சண்டை முடியட்டும், உதில ஒண்டு எடுப்பிப்பன்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி சொல்லுவார்.

"உந்த மிசினுக்கு எத்தினை விரல்?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். "ரெண்டு."

"சின்னம்மாவுக்கும் ரெண்டு. கரன்ற்றும் தேவையில்லை."

கொட்டில் முழுக்கச் சிரிப்பு.

"சரி, நடட்டும் பாப்பம்."

சின்னம்மா முதல் நாற்றைப் பிடித்தாள். தண்டு முறிந்தது.

"சொன்னனான்தானே!" என்றார் முதலாளி.

ஜெயரூபினி படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "சின்னம்மா, மிசின் தண்டைத் தொடேல்லை. அடிமண்ணைத்தான் பிடிக்குது."

இரண்டாவது நாற்று நேராக நின்றது. அடுத்ததும் நின்றது. ஒரு வரிசை முடிந்தது. நடுகிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி தாடையைச் சொறிந்தார். "நல்லாத்தான் நடுறா. ஆனா, வாங்க வாற சனம் கையைப் பாத்தா முகம் சுழிக்கும். கொட்டிலுக்குப் பின்னால மறைவா இருந்து நடட்டும்."

"அப்ப மிசின் வந்தா அதையும் பின்னாலதான் வைப்பியளோ?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். சின்னம்மா கையைச் சீலையில் துடைத்தாள்.

"வா பிள்ளை. வீட்டில விதைமிளகாய் கிடக்கு. நாங்களே நாற்றுமேடை போடுவம்."

"கிணத்தடியிலயோ?"

"இல்லை. றோட்டுக்கரையில. எல்லாரும் பாக்கிற இடத்தில."

வாளி நின்ற இடத்திலேயே நின்றது. இருவரும் வாசல் படலையைத் திறந்தார்கள்.

"புனிதம்! அப்ப தண்ணி ஆர் அள்ளுறது?" முதலாளி கூப்பிட்டார்.

ஜெயரூபினி திரும்பாமலே சொன்னாள்:

"சுவரில ஒட்டியிருக்கிறவரைக் கேளுங்கோ!"