உச்சியில் போடும் தையல்

“நான் ஓடலை அத்தை, வேகமா நடந்தேன்!”

“எதுவா இருந்தாலும் அவரைத் தாண்டிப் போகக் கூடாதுன்னு சொன்னேன்ல—”

“ஏன் கூடாது? இந்த வழி என்ன அவர் தைச்சுப் போட்டதா?”

“வாயைப் பாரு! எங்க கூட்டத்துல அவர்தான் முன்னாடி நடப்பார். அது எங்க பழக்கம்—”

“அப்போ உங்க கூட்டத்துக்கு நத்தைதான் தலைவரா? இப்படிப் போனா நாளன்னைக்குத்தான் உச்சி வரும்!”

சொல்லி முடித்த பிறகுதான் பட்டாசு கவனித்தாள். தையல் மாமா நாலே அடி முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முட்டியில்தான் கோளாறு, காதில் இல்லை.

அவள் வாய் வெடிக்கிற வெடிக்கு அத்தை வைத்த பெயர்தான் பட்டாசு. அத்தை பஸ் ஓட்டுபவர். மாதம் ஒரு விடுமுறை நாளில் தன் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு இந்த மலைக்கு வருவார். ஒருவர் துணி தைக்கும் தையல் மாமா. இன்னொருவர் சுவருக்கு வண்ணம் அடிக்கும் நெட்டை மாமா. மூன்று மாதம் கெஞ்சிக் கூத்தாடி, இன்றைக்குத்தான் பட்டாசும் வந்திருந்தாள்.

நெட்டை மாமா கொஞ்ச தூரம் ஓடுவார், பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். அத்தை பூவுக்குப் பூ நின்று படம் எடுப்பார். தையல் மாமா மட்டும் ஓடவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். கைத்தடி டொக், டொக் என்று தட்டும். ஒரே நடை.

அந்த டொக் இப்போது நின்றுவிட்டது.

“பட்டாசு சொல்றது நியாயம்தானே,” என்று சிரித்தபடி திரும்பினார். “நான் இந்த பெஞ்சுல கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன். நீங்க போங்க.”

“நீங்கதான் வழியில உக்காரவே மாட்டீங்களே!” என்றார் அத்தை.

“இன்னைக்கு உக்காரணும் போல இருக்கு. போங்க, பின்னாலேயே வந்துடறேன்.”

அத்தை பட்டாசை ஒரு முறை முறைத்தார். ஆனால் பட்டாசின் கால்கள் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அவள்தான் முதலில் உச்சியைத் தொட்டாள். அங்கே காற்று ஆளைத் தூக்கியது. கீழே பஸ் டிப்போவில் பஸ்கள் சோப்புக் கட்டிகளைப் போல வரிசையாக நின்றன. “நான்தான் ஃபர்ஸ்ட்!” என்று கத்தினாள்.

அத்தையும் நெட்டை மாமாவும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் வராததுமாகத் தொப்பியைக் கழற்றி நீட்டினார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. நீட்டிய கைகள் அப்படியே நின்றன.

“எதுக்கு அத்தை தொப்பியை நீட்டறீங்க?”

“பழக்க தோஷம்,” என்றார் அத்தை. “உச்சிக்கு வந்ததும் அவர் எல்லார் தொப்பியிலயும் பச்சை நூல்ல ஒரு தையல் போடுவார். ஒரு தடவை ஏறினா ஒரு தையல்.”

அத்தையின் தொப்பி விளிம்பில் முப்பத்தோரு பச்சைத் தையல்கள் இருந்தன.

“எனக்கு மூணு கம்மி,” என்றார் நெட்டை மாமா. “மூணு தடவையும் காய்ச்சல்ல படுத்துட்டேன். ஒண்ணாவது சேர்த்துப் போடுங்கன்னு கெஞ்சினேன். மனுஷன் மசியலையே!”

பட்டாசு தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தாள். நேற்று தையல் மாமா தைத்துக் கொடுத்த புதுத் தொப்பி. விளிம்பு வெறுமையாக இருந்தது.

“உனக்கு முதல் தையல் போடணும்னு நேத்தே ஊசியில நூல் கோத்து வச்சுட்டார்,” என்றார் அத்தை.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். டொக் சத்தம் கேட்கவில்லை. நெட்டை மாமா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“மாமா, இங்க வேணாம். கீழ போய் அவரோட சேர்ந்து சாப்பிடலாம்.”

“நான் ஒத்துக்குவேன். என் வயிறு ஒத்துக்கணுமே!” என்றவர், பொட்டலத்தைத் திரும்பக் கட்டினார்.

அவர்கள் இறங்கி வந்தபோது, தையல் மாமா அதே பெஞ்சில் காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, எழுந்திருங்க. மறுபடியும் ஏறலாம். நீங்கதான் முன்னாடி. நான் தாண்டவே மாட்டேன்.”

அவர் இரண்டு கைகளையும் தடியில் ஊன்றினார். பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு தடவை உக்காந்துட்டா இந்த முட்டி பூட்டிக்கும் கண்ணு. அதனாலதான் நான் வழியில எங்கயும் நிக்கறதில்லை. மெதுவாவாவது போய்க்கிட்டே இருப்பேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பட்டாசுக்குத் தோன்றியது.

“நான் அப்படிச் சொன்னதாலதானே உக்காந்தீங்க?”

“சேச்சே, பெஞ்சு நல்லா இருந்துச்சு.”

“பொய் சொல்றீங்க.”

“ஆமாம்,” என்றார் அவர்.

“தப்பா பேசிட்டேன் மாமா.”

அவர் தலையாட்டினார். சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவினார். பச்சை நூல் காற்றில் ஆடியது. “தொப்பியைக் கொடு. நீ உச்சிக்கு ஏறிட்டேல்ல?”

பட்டாசு தொப்பியை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

“வேணாம் மாமா. அது உச்சியில போடற தையல்.”

அத்தையும் நெட்டை மாமாவும் தங்கள் தொப்பிகளை நீட்டவே இல்லை. நாலு பேரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

இறங்கும்போது பட்டாசு அவருடைய இடது கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். உயரம் அளவெடுத்தது போலப் பொருந்தியது. அவர் ஓர் அடி வைத்தால் அவளும் ஓர் அடி வைத்தாள். நெட்டை மாமாகூட ஓடவில்லை. அடிவாரத்துக்கு வர சாயங்காலம் ஆகிவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் தையல் மாமா பச்சை நூலை ஊசியில் நிதானமாகச் சுற்றினார். இனி அதற்கு வேலை இல்லை என்பது போல, காலரில் குத்தாமல் ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். பட்டாசு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, அடுத்த மாசமும் நீங்கதானே முன்னாடி நடப்பீங்க?”