சத்தமில்லாத பம்ப்

மின்சாரம் இன்னும் கொடுக்கவில்லை. ஆனாலும் உள்ளங்கையிலிருந்த பம்ப், தூங்கி எழுந்த பூனைக்குட்டி மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. வெயிலில் எடுத்துவந்த சூடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் வரைபடக்காரர். வெளியே காலையிலிருந்து மழை.

வீட்டிலேயே உட்கார்ந்து கட்டட வரைபடம் போடுகிறவர் அவர். வேலை முற்றினால் கணினியின் விசிறிகள் எல்லாம் கிளம்பி, கூடத்தில் விமானம் இறங்குவது போல அலறும். பக்கத்துத் தெருக் கொடியிலிருந்து துணிகள் பறந்துபோகும். அடுத்த அறையில் தூங்குவதோ மனைவி. இரவுப் பணி நர்ஸ், பகல்தான் அவளுக்கு ராத்திரி.

"இன்னொரு தடவை அது கத்திச்சு, அதையும் உங்களையும் சேர்த்துத் தெருவுல வீசிடுவேன்" என்றிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் விசிறிகளைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் சுற்றிவந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பென்சிலைவிட மெல்லிய குழாய்களைப் பூட்டினார். தொட்டி வைத்தார். பம்ப் மட்டும்தான் பாக்கி. அதைத் தேடிப் பழைய சாமான் கடைக்குப் போயிருந்தார்.

"இவ்வளவு ஒல்லிக் குழாய்க்கு எவ்வளவு தண்ணி தள்ளுதுன்னு பாக்காதீங்க சார், எவ்வளவு முக்கித் தள்ளுதுன்னு பாருங்க" என்றார் கடைக்காரர்.

"முக்கட்டும், முனகக் கூடாது. வீட்டுக்காரி முழிச்சான்னா என்னை அந்தக் குழாய்க்குள்ளயே திணிச்சிடுவா."

"அப்ப இதான். ஆஸ்பத்திரி மெஷின்ல கழட்டினது. காய விட்டு மட்டும் ஓட்டாதீங்க. வாய் காஞ்சா பொல்லாதது."

குழாய் பூட்டும் ஆசாமிகள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் அவரும் செய்தார். தண்ணீர் ஊற்றுமுன், சத்தம் வருகிறதா என்று ஒரு நொடி கேட்டுப் பார்க்கும் ஆசை. தண்ணீரை உள்ளே இழுக்கும் குழாயின் நுனியைக் கத்தரியால் நறுக்கும்போது கட்டைவிரலும் லேசாகக் கிழிந்தது. துடைத்துக்கொண்டு, பம்பைக் காலித் தொட்டியோடு பூட்டி, சுவிட்சைத் தட்டினார்.

சத்தமே இல்லை. மழையின் சளசளப்பும், கதவுக்கு அப்பால் மனைவியின் மெல்லிய குறட்டையும், ரப்பரும் பழைய மருந்தும் கலந்த ஒரு வாடையும் மட்டும் கூடத்தில் மிதக்க, மேசையில் கிடந்த குழாய் நுனி மெதுவாகத் திரும்பி, மோப்பம் பிடிப்பது போலத் தயங்கி, அவருடைய கட்டைவிரலைக் கவ்வியது.

இழுத்தார். வரவில்லை. குழாய்க்குள் சிவப்பு ஏறியது.

சுவிட்சை அணைத்தார். வயரைப் பிடுங்கி எறிந்தார். பம்ப் துடித்தது. லப். டப். விரல் வெளுத்தது, மணிக்கட்டு வெளுத்தது, முழங்கை வரை நரம்புகள் வற்றிய வாய்க்கால்களாக உள்வாங்கின. கத்த வாய் திறந்தார், மூடிக்கொண்டார். கத்தினால் அவள் வெளியே வருவாள். இந்தக் கூடத்துக்குள் வருவாள்.

துணியைச் சுருட்டிப் பல்லில் கடித்தார். கத்தரியை விரலின் மூட்டில் வைத்தார். அழுத்தினார்.

நறுக்.

விரல் குழாயோடு போனது. சப்பிவிட்டுத் துப்பியது. பிறகு பம்ப் வறண்டது. வறண்டதும் அலறியது. பசித்த குழந்தையின் வீறல், இரும்புத் தொண்டையில்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "என்னங்க அது சத்தம்?"

குழாய் நுனி மேசையிலிருந்து விழுந்தது. தரையில் ஊர்ந்தது. படுக்கையறைக் கதவை நோக்கி.

பாய்ந்தார். ரத்தம் கொட்டும் வெட்டுவாயை அதன் வாயில் தானே கொடுத்தார். கவ்வியது. அலறல் நின்றது.

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு."

"இப்பதாங்க நிம்மதியா இருக்கு" என்றது தூக்கக் குரல்.

தரையில் சாய்ந்தார். கண் இருட்டியது. பரவாயில்லை. அவள் தூங்குகிறாள். தொட்டியில் சிவப்பு ஏறியது. வேகமாக. ஒரு ஆளுக்கு இவ்வளவு இருக்காதே.

பம்புக்கு இரண்டு குழாய்கள். வெளியே தள்ள வேண்டிய இன்னொன்று எங்கே?

படுக்கையறைக் கதவின் அடியில் அது நுழைந்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமாகச் சிவந்துகொண்டிருந்தது. உள்ளே குறட்டை இல்லை. வீட்டில் எங்கும் சத்தமே இல்லை.