இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்

புகை அலாரம் வீறிட்டது.

மத்தியான மயக்கத்தில் கிடந்த தெரு முழுவதும் கேட்டிருக்கும். அவள் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியை அப்படியே வைத்துவிட்டுச் சிகிச்சை அறைக்கு ஓடினாள். கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த அலாரம் சிவப்புக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கத்தியது. ஆனால் அறையில் புகை இல்லை. ஒரு மெழுகுவத்திகூட எரியவில்லை. முகம் பதிக்க ஓட்டை வைத்த மசாஜ் கட்டில், மடித்த வெள்ளைத் துண்டுகள், மூலையில் வாசனை ஆவியைக் கக்கும் டிஃப்யூஸர். அதுவும் அணைந்தே கிடந்தது. ஸ்டூலில் ஏறி அலாரத்தின் பேட்டரியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏதாச்சும் கருகற வாடை வருதா?" என்று வாசல் பக்கம் பார்த்துக் கேட்டாள். இந்த மாதிரிக் கேள்விகளைச் சாதாரணமாகக் கேட்க அவள் பழகியிருந்தாள்.

வரவேற்பு மேஜையில் இருந்த நாத்தனார் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. "ஒண்ணும் வரலையே அண்ணி. அப்படியே வந்தாலும் உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? மூக்குக்கே பேர் வாங்கினவங்க நீங்க."

அந்த மூக்கு செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் ஒன்று வந்து, போகும்போது மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. புருஷனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. வாசனை எண்ணெயால் மன அழுத்தத்தைப் போக்குகிறவளுக்கு வாசனை தெரியாது என்று வெளியில் கசிந்தால் மறுநாளே கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

முதல் வாரம் பயந்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது. குப்பியின் லேபிளைப் படித்து எண்ணெயைக் கலந்தாள். முகரும் காகிதத்தை மூக்கருகே ஆட்டி, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்றாள். அவ்வளவுதான். எதிரில் இருக்கும் படித்த முட்டாளும் கண்ணை மூடி "ம்ம்ம்" என்றான். ஒருநாள் குப்பி மாறிப்போய், ரோஜா என்று சொல்லி எலுமிச்சைப் புல் எண்ணெயைக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மாள் கண் கலங்கி, "எங்கம்மா வச்சிருந்த ரோஜாச்செடி ஞாபகம் வருது மேடம்" என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அதை நடித்துக் காட்டியபோது புருஷனுக்குப் புரையேறியது. 'நீயே மாத்தி எடுத்துட்டு அந்தம்மாவைச் சொல்றியா' என்று அவன் கேட்டதற்கு, 'சோதிச்சுப் பாத்தேன்' என்று சமாளித்திருந்தாள்.

ஸ்டூலிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றாள்.

வாசனை.

மழையில் நனைந்த தார்ச்சாலை. அதற்குமேல் தேய்ந்து கருகிய ரப்பர். லேசாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், மூக்கின் ஆழத்தில் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. மூக்கு திரும்பிவிட்டது. வெளியே ஓடி அலமாரியில் இருந்த லாவெண்டரைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. யூகலிப்டஸ். ஒன்றுமில்லை. காபிக்கொட்டை டப்பாவுக்குள் முகத்தையே புதைத்தாள். மரத்தூளை முகர்கிற மாதிரி இருந்தது.

அறைக்குள் திரும்பினாள். ரப்பர் வாடை அங்கேயேதான் நின்றது.

"ஜன்னல் இடுக்குல ஒட்டியிருக்கற டேப்பைப் பிச்சுடலாமா அண்ணி?" நாத்தனார் இன்னும் நிலைப்படியை விடவில்லை. "முன்னல்லாம் ஒவ்வொரு ஆள் எழுந்து போனதும் ஜன்னலைத் திறந்து காத்தாட விடுவீங்க. அதுதான் முறைன்னு நீங்களே சொல்லுவீங்க."

"பக்கத்துல வெல்டிங் பட்டறைக்காரன் இரும்பை அறுத்துக்கிட்டே இருந்தா எவனுக்கு மனசு அமைதியாகும்? அதான் ஏசி இருக்குல்ல."

"ஏசி இருக்கற காத்தையேதானே சுத்தி விடும். எனக்கு உள்ள வந்தாலே அழுகையா வருது."

"உனக்கு சோப்பு விளம்பரம் பாத்தாலே அழுகை வரும். போய் ஃபோனை எடு, அடிக்குது பார்."

பேசியது ஒரு பெரிய கம்பெனியின் மனிதவள அதிகாரி. கீழே காரை நிறுத்திவிட்டாராம். இன்று அவருக்குப் பிடித்துப்போனால், அந்தக் கம்பெனி ஊழியர்கள் அத்தனை பேரும் மாதாமாதம் இங்கேதான் வருவார்கள். ஊழியர்களில் பாதிப் பேரைச் சமீபத்தில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருக்கிறவர்கள் அழாமல் வேலை பார்க்க லாவெண்டர் வேண்டுமாம். சம்பளத்தை உயர்த்துவதைவிட எண்ணெய் மலிவு. அவளுக்கென்ன, வரட்டும்.

அதிகாரி பளபளவென்று வந்து, செருப்பைக் கழற்றுவதிலேயே களைத்து, கட்டிலில் குப்புறப் படுத்து முகத்தை ஓட்டையில் பதித்தார். அவள் டிஃப்யூஸரைப் போட்டாள். வெள்ளை ஆவி எழும்பியது. கழுத்தில் எண்ணெயைத் தடவியபடி, நூறு தடவை ஒப்பித்த குரலில், பஞ்சு மாதிரி ஆரம்பித்தாள்.

"ரொம்ப நாளா சுமந்துக்கிட்டிருக்கறது எதுவோ, அதை நினைச்சுக்குங்க. மூச்சை முழுசா வெளிய விடுங்க. அதை இங்கயே விட்டுட்டுப் போங்க. இனிமே அது உங்களோடது இல்ல. என்னோடது."

இந்த வசனம் அவள் ஒரு சோப்பு உறையைப் பார்த்துக் கற்பனை செய்தது. இதற்கே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள்.

ரப்பர் வாடை நகர்ந்து அவள் தோளருகே வந்தது. சட்டென்று ஞாபகம் வந்தது. பஸ் டிரைவர். மழையில் பிரேக் பிடிக்காமல் ஒரு சைக்கிள்காரன் மேல் ஏற்றிவிட்டவர். இதே கட்டிலில்தான் உடம்பு குலுங்கக் குலுங்க மூச்சை விட்டார். அவரையும் அவள் சாப்பாட்டு மேஜையில் நடித்துக் காட்டியிருக்கிறாள்.

டிரைவரின் வாடைக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. திரிந்த பால். குழந்தையைப் பறிகொடுத்த டீச்சர். அதன் பின்னால் துவைக்காத தலையணை உறை. மருந்தில் ஊறிய ஆஸ்பத்திரிப் படுக்கை. ஒவ்வொன்றும் தனித்தனியாக, வரிசையில் நிற்கிற மாதிரி ஒழுங்காக. ஒவ்வொன்றையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் சிரித்திருந்தாள்.

ஓடிவிடலாம். ஆனால் கைக்கெட்டிய ஒப்பந்தத்தை, முகம் புதைத்துக் கிடக்கும் இந்த மனிதரை விட்டுவிட்டு எப்படி ஓடுவது?

"ஒருத்தரு..." ஓட்டைக்குள்ளிருந்து அதிகாரியின் குரல் வந்தது. "வேலையை விட்டு அனுப்பற லெட்டரை என் கையாலதான் குடுத்தேன். தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு நேரா மொட்டை மாடிக்குப் போனாரு."

"விடுங்க," என்றாள். "மூச்சை விடுங்க."

அவர் நீளமாக விட்டார். வெயிலில் கொதித்த சிமெண்டுத் தரை. இரும்பு. ரத்தம்.

எழுந்தபோது அவர் முகம் குழந்தையுடையது போல இருந்தது. "அற்புதம் மேடம். எதுவுமே இல்லாத மாதிரி இருக்கு. நாளைலேருந்தே எங்க ஆளுங்களை அனுப்பறேன்." சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாடிக்குப் போனவரை மறந்தே போன சிரிப்பு. நாத்தனார் அவரை வழியனுப்பப் படியிறங்கும் சத்தம் கேட்டது.

நாளையிலிருந்து. அத்தனை பேரும்.

ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அதை முதலில் செய்ய வேண்டும். அறையைத் தாண்டி ஜன்னலுக்குப் போய் டேப்பைச் சுரண்டினாள். ஒரு வருஷ எண்ணெய்ப் பிசுக்கு. நகம் வழுக்கியது. மறுபடி சுரண்டினாள். நகம் மடங்கி உடைந்தது. பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திரும்பினாள்.

டிஃப்யூஸரின் ஆவி மேலே எழும்பவில்லை. தரையோடு தவழ்ந்து கட்டிலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது. கூரையில் அலாரத்தின் சிவப்புக் கண் எரிந்தது. பேட்டரி அவள் பையில் இருந்தது.

கதவுக்கு ஓடினாள். பிடி எண்ணெயாக வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்தாள். வழுக்கியது. "கதவைத் திற," என்று கத்த வாயைத் திறந்தவள் சட்டென்று மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தால் அது உள்ளே வரும்.

ரப்பர். பால். தலையணை. சிமெண்டு. இப்போது வரிசையில் இல்லை. முண்டியடித்தன.

மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கினாள்.

அமைதி. ஏசியின் முனகல். அதற்கடியில் இன்னொரு சத்தம். யாரோ மூச்சு விடுகிறார்கள். ஒருவர் இல்லை. நிறையப் பேர். நிதானமாக, முழுசாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

விட்டார்கள். விட்டார்கள். யாருமே திரும்ப இழுக்கவில்லை.

மார்பு எரிந்தது. கண் இருண்டது. கட்டிலின் வெள்ளை விரிப்பு, முகம் பதிக்கிற ஓட்டைக்கு மேலே, மெல்ல உப்பியது. நெற்றி. மூக்கு. திறந்த வாய். கீழேயிருந்து பதிந்த முகம். அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில்.

இன்னும் ஒரு நொடிதான் தாங்கும்.

விரிப்பில் பதிந்த வாய் அசைந்தது. வந்தது அவளுடைய குரலேதான், அதே பஞ்சுக் குரல்.

"உள்ள இழுங்க மேடம். எல்லாம் உங்களோடதுதானே."