தாங்குமானி

மகளின் வெளிநாட்டுப் படிப்புக்காக, ஆலோசனை மையத்திலிருந்த தாங்குமானியின் கண்ணாடித் தட்டில் கனகசபாபதி மூன்றாவது முறையாக உள்ளங்கையை வைத்தார். சம்பளம், வீடு, மனைவியின் நகை, இன்னும் எத்தனை ஆண்டு உழைப்பார் என்பது வரை அது ஒரே நொடியில் அளந்துவிடும். பிறகு பன்னாட்டு வணிகப் பட்டம் தரும் ஐந்து பல்கலைக்கழகங்களை வரிசையாக நிறுத்தி, இந்தக் குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று காட்டும்.

வார்சா, லிஸ்பன், கோலாலம்பூர், டொராண்டோ, சிங்கப்பூர். ஐந்துக்கும் மஞ்சள் விளக்கு. பணம் கொஞ்சம் குறைகிறது என்று அர்த்தம்.

"போன மாசமும் மஞ்சள்தானுங்களே," என்றார். "அதுக்கப்புறம் அரை ஏக்கரா வித்துப்போட்டனுங்க."

ஆலோசகர் ஸ்டெல்லா காலையிலிருந்து இதையே பலர் சொல்லக் கேட்டுச் சலித்திருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாருக்கும் ஒரே ஃபீஸ் இல்லீங்கண்ணா. உங்களுக்குச் சொல்றதயே இது காலேஜுக்கும் சொல்லிருது. நீங்க எவ்வளவு தாங்குவீங்களோ, அதுக்கு மேல கொஞ்சம் வெப்பாங்க."

"அப்புறம் எதுக்குங்க ஒப்பிட்டுப் பாக்கறது?"

ஸ்டெல்லா அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பேருந்தில் மகள் மதிவதனி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "வேண்டாம்ப்பா. இங்கயே ஏதாச்சும் படிச்சுக்கறேன்."

அந்தப் பட்டம் இல்லாதவர்களைத் திருப்பூரின் ஏற்றுமதி அலுவலகங்கள் வாசலோடு அனுப்பிவிடுவது அவருக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், இருபத்தாறு வருடம் மேற்பார்வை பார்த்த சாயப்பட்டறை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஏனுங்க, திடீர்னு?" என்றார் மேலாளர்.

"உடம்பு முடியலீங்க." அது முழுப் பொய்யும் அல்ல.

சம்பளம் போனதும் கட்டணமும் சரிந்தது. வார்சாவுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மதிவதனி விமானம் ஏறினாள். அவர் பெயர்ப்பதிவு இல்லாத ஒரு கிடங்கில் நூல் மூட்டை தூக்கினார். கூலி கையில் வந்தது. தாங்குமானிக்கு அது தெரியாது. மாலையில் முதுகு நிமிரவே மறுத்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவர்த்திரையில் மகள் வந்தாள்.

"அப்பா, கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். என்னோட ஆய்வறிக்கைய தாங்குமானி கம்பெனியே வாங்கிக்கிச்சு!"

"எதப் பத்தி, கண்ணு?"

அவள் தயங்கினாள். "ஃபீஸ் குறையணும்னு குடும்பங்க என்னெல்லாம் மறைக்கறாங்கன்னு. தெரிஞ்சத எழுதச் சொன்னாங்கப்பா. யார் பேரும் போடல."

"வேலைய விடறதயுமா?"

"ம்." குரல் இறங்கியது. "அடுத்த மாசத்துல இருந்து, விட்ட சம்பளத்தயும் வருமானமாவே எடுத்துக்குவாங்களாம். எனக்கு இன்னிக்குத்தாம்ப்பா சொன்னாங்க. ரெண்டாம் வருஷ ஃபீஸும் அப்படித்தானாம்."

அவளை அழவிடக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தோன்றியது.

"நல்லா எழுதியிருந்தியா, சாமி?"

"ரொம்ப நல்லா எழுதியிருந்தேன்ப்பா," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

மறுநாள் காலை சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய வேலையைக் கேட்க அவர் சாயப்பட்டறைக்குப் போனார். வாசலில் ஏற்கெனவே, வேலையை விட்டுப் போயிருந்த பதினேழு பேர் நின்றிருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் அவர் வயதுதான். யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. கடைசி ஆள் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.